வீட்டுக்கு எத்தனை வாட்ஸ் வேண்டும்?

வேலைக்குச் சேர்ந்து ஓராண்டு, இரண்டாண்டு ஆகியிருக்கும். கார் தவணை, வாடகை, அம்மா கையில் கொடுப்பது எல்லாம் போகக் கொஞ்சம் மிஞ்சத் தொடங்கும். தீபாவளி போனஸும் சேர்ந்துகொண்டால், “வீட்டில் நல்லபடியாகப் பாட்டு கேட்க ஏதாவது வாங்கலாமே” என்ற எண்ணம் வரும். கைப்பேசியிலும் கையடக்க புளூடூத் ஸ்பீக்கரிலும் கேட்டுச் சலித்துப்போன இளையர்கள் பலர் இப்போது ஒரு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர், ஒரு ஜோடி ஸ்பீக்கர் என்று தேடத் தொடங்கியிருக்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் கடைக்குப் போனதும் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: “இது எத்தனை வாட்ஸ்?”

கேட்கக் கூடாத கேள்வி என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதை முதல் கேள்வியாகக் கேட்டால், பெட்டியின் மேல் பெரிய எண் எழுதியிருப்பவருக்கு வியாபாரம் எளிதாகிவிடும். நம் பணம் எண்ணுக்குப் போகும், பாட்டுக்குப் போகாது. மலிவு விலையில் ஆம்ப்ளிஃபயர் வாங்குகிறவர் இந்த ஒரு விஷயத்தில் தெளிவாக இருந்தால் போதும், மற்றவை தானாகச் சரியாகும்.

ஒரே பெட்டியில் இரண்டு வேலை

‘இன்டெகிரேட்டட் ஆம்ப்ளிஃபயர்’ என்று கடைகளில் சொல்வது என்ன? இரண்டு கருவிகளை ஒரே பெட்டிக்குள் வைத்திருப்பதுதான். முதல் பகுதி, எந்தக் கருவியிலிருந்து பாட்டு வர வேண்டும், எவ்வளவு சத்தமாக வர வேண்டும் என்பதை முடிவு செய்கிறது. இரண்டாவது பகுதி, அந்தச் சிறிய மின்குறிப்பை ஸ்பீக்கரை அசைக்கும் அளவுக்குப் பலப்படுத்துகிறது. முன்னால் ஒலி கூட்டும் குமிழ், பின்னால் இணைப்புத் துளைகள், வலம் இடம் என இரண்டு ஸ்பீக்கர். அவ்வளவுதான். சினிமா பார்ப்பதற்கென்று ஐந்து, ஏழு ஸ்பீக்கர் வைக்கும் ரிசீவர் வேறு. அதே விலைக்கு அந்த ரிசீவரில் நிறைய வசதி கிடைக்கும். ஆனால் பணம் ஏழு பங்காகப் பிரிந்திருக்கும். பாட்டு கேட்பதே முக்கியம் என்றால், இரண்டு பங்காக மட்டும் பிரியும் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர்தான் காசுக்கு ஏற்றது.

பெரிய எண்களின் கதை

மினி காம்போ காலத்து வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு ‘பி.எம்.பி.ஓ.’ என்ற எழுத்துகள் நினைவிருக்கும். ஸ்பீக்கரின் முகப்பிலேயே ஆயிரக்கணக்கான வாட்ஸ் என்று பளபளப்பாக ஒட்டியிருப்பார்கள். கண் இமைக்கும் நேரத்துக்கும் குறைவாக எட்டக்கூடிய உச்சத்தை, தங்களுக்குப் பிடித்த முறையில் கணக்கிட்டுப் போட்ட எண் அது. அதற்கென்று பொதுவான அளவுகோல் எதுவும் இருந்ததில்லை.

இந்த விளையாட்டு புதிதும் அன்று. அமெரிக்காவில் ஆம்ப்ளிஃபயர் விளம்பரங்களில் வாட்ஸ் எண்கள் கட்டுமீறிப் போனதால்தான், அந்நாட்டின் மத்திய வர்த்தக ஆணையம் 1974-இல் விதியே கொண்டுவந்தது. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் இயங்கும்போது தொடர்ந்து எத்தனை வாட்ஸ், எத்தனை ஓம் ஸ்பீக்கரில், எந்த அதிர்வெண்ணிலிருந்து எந்த அதிர்வெண் வரை, எவ்வளவு சிதைவோடு என்பதையெல்லாம் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்றது அது. இன்றும் நாம் பார்க்க வேண்டியது அந்த நான்கு விவரங்களைத்தான். “45 வாட்ஸ், 8 ஓம், 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, சிதைவு 0.1 விழுக்காட்டுக்குள்” என்று எழுதியிருந்தால் அது நேர்மையான எண். வெறுமனே “300 வாட்ஸ்” என்றிருந்தால், மீதி விவரம் எங்கே என்று கேளுங்கள். பல நேரம் அது 4 ஓம் ஸ்பீக்கரில், 10 விழுக்காடு சிதைவோடு அளந்ததாக இருக்கும். 10 விழுக்காடு சிதைவு என்றால் குரல் கரகரப்பது யார் காதுக்கும் தெரியும்.

இணையக் கடைகளில் இப்போது உள்ளங்கை அகலத்தில் சிறிய ஆம்ப்ளிஃபயர்கள் நிறைய விற்பனையாகின்றன. ‘கிளாஸ் டி’ எனப்படும் வகை. மின்சாரத்தை வீணாக்காமல், அதிகம் சூடாகாமல் வேலை செய்யும். சில உண்மையாகவே நன்றாகப் பாடுகின்றன. அவற்றின் எண்ணைச் சோதிக்கக் கணக்கு வாத்தியார் தேவையில்லை. கூடவே வரும் மின் அடாப்டரின் அடியில் எழுதியிருப்பதைப் படியுங்கள். 32 வோல்ட், 5 ஆம்பியர் என்றிருந்தால் இரண்டையும் பெருக்குங்கள்: 160 வாட்ஸ். அந்த அடாப்டர் தொடர்ந்து கொடுக்கக்கூடிய மின்சாரமே அவ்வளவுதான். அதிலும் ஒரு பகுதி வெப்பமாகப் போய்விடும். அதை வைத்துக்கொண்டு பக்கத்துக்கு 300 வாட்ஸ் தொடர்ந்து வரும் என்றால், எங்கிருந்து வரும்? அப்படியே அந்த அடாப்டரில் ‘சிரிம்’ ஒட்டுவில்லை இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். இரவு முழுக்கச் சுவரில் செருகியிருக்கப் போகும் பொருள் அது.

நம் கூடத்துக்கு எவ்வளவு போதும்?

இப்போது உண்மையான தேவையைக் கணக்கிடுவோம். ஒவ்வொரு ஸ்பீக்கரின் விவரத்தாளிலும் ‘சென்சிட்டிவிட்டி’ என்று ஓர் எண் இருக்கும். அலமாரியில் வைக்கக்கூடிய சிறிய ஸ்பீக்கருக்கு அது 86 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஒரு வாட் மின்சாரம் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி நின்று அளந்தால் அவ்வளவு சத்தம் வரும் என்பது அதன் பொருள். நாம் சோஃபாவில் இரண்டரை, மூன்று மீட்டர் தள்ளி உட்காருவோம். அதனால் கொஞ்சம் குறையும். இரண்டு ஸ்பீக்கர் பாடுவதாலும் சுவரில் பட்டுத் திரும்புவதாலும் கொஞ்சம் கூடும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் சுமார் 80 டெசிபல்.

பக்கத்தில் இருப்பவர் சாதாரணமாகப் பேசுவது 60 டெசிபல் அளவில் இருக்கும். அப்படியென்றால், பக்கத்துக்கு ஒரே ஒரு வாட்ஸில், நம் கூடத்தில் பேச்சுக் குரலை அமுக்கிவிடும் அளவுக்குப் பாட்டு ஒலிக்கும். உலகச் சுகாதார நிறுவனம் செவிப் பாதுகாப்புக்குச் சொல்லும் அளவும் இதை ஒட்டியதுதான்: பெரியவர்களுக்கு 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம், 90 டெசிபல் என்றால் வெறும் நான்கு மணி நேரம்.

பிறகு ஏன் 30, 40 வாட்ஸ் வேண்டும்? பாட்டு ஒரே மட்டத்தில் போவதில்லை. தவில் அடி விழும் அந்த நொடி, வயலின்கள் எல்லாம் சேர்ந்து எழும் அந்த இடம், சராசரியைவிட 10, 15 டெசிபல் மேலே போகும். 10 டெசிபல் ஏறப் பத்து மடங்கு மின்சாரம் வேண்டும். 15 டெசிபல் ஏற 30 மடங்கு. அந்த நொடிக்குத்தான் இருப்பு தேவை. அதாவது 30 முதல் 60 வாட்ஸ் வரை உண்மையாகக் கொடுக்கும் ஆம்ப்ளிஃபயர், வரிசை வீட்டுக் கூடத்துக்கும் அடுக்குமாடி வீட்டுக்கும் தாராளம்.

50 வாட்ஸுக்கும் 100 வாட்ஸுக்கும் உள்ள வித்தியாசம் 3 டெசிபல் மட்டுமே. காது கொடுத்துக் கவனித்தால்தான் அது தெரியும். இரு மடங்கு சத்தமாகக் கேட்க வேண்டுமென்றால் 50 வாட்ஸிலிருந்து 500 வாட்ஸுக்குப் போக வேண்டும். அதற்குள் பக்கத்து வீட்டார் கதவைத் தட்டிவிடுவார்கள். இருபதடி அகல வரிசை வீட்டில் நம் சுவர்தான் அவர்கள் சுவரும்.

வரலாற்றிலும் இதற்குச் சாட்சி உண்டு. 1978-இல் என்ஏடி நிறுவனம் 3020 என்ற ஆம்ப்ளிஃபயரை வெளியிட்டது. பக்கத்துக்கு 20 வாட்ஸ் மட்டுமே. விலையும் குறைவு, தோற்றமும் எளிமை. உலகில் மிக அதிகமாக விற்ற ஆம்ப்ளிஃபயர்களில் ஒன்றாக அது பெயர் வாங்கியது. விவரத்தாளில் பெரிய எண் இல்லாவிட்டாலும், உச்ச நொடிகளில் கூடுதலாகக் கொடுக்கும் தெம்பு அதன் மின்சுற்றில் இருந்தது. அதைத்தான் மக்கள் காதால் கண்டுகொண்டார்கள்.

முதலில் ஸ்பீக்கர், பிறகு ஆம்ப்ளிஃபயர்

ஒரே விலை மட்டத்தில் உள்ள இரண்டு நல்ல ஆம்ப்ளிஃபயர்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தைவிட, இரண்டு ஸ்பீக்கர்களுக்கு இடையே உள்ள வித்தியாசம் பல மடங்கு பெரியது. ஆகவே கையில் 3,000 ரிங்கிட் இருந்தால் 1,600-ஐ ஸ்பீக்கருக்கு ஒதுக்குங்கள், 1,200 ஆம்ப்ளிஃபயருக்கு, மிச்சம் 200 கம்பிக்கும் ஸ்டாண்டுக்கும். குறைந்த தொகை என்றாலும் இதே விகிதத்தில் பிரித்துக்கொள்ளலாம். ஆம்ப்ளிஃபயரில் எல்லாப் பணத்தையும் போட்டுவிட்டுப் பழைய மினி காம்போ ஸ்பீக்கரை அதில் மாட்டுவது, புதுச் சட்டிக்குள் நேற்றைய குழம்பை ஊற்றுவது போல.

ஸ்பீக்கர் முடிவானதும் அதன் ‘ஓம்’ எண்ணைப் பாருங்கள். 8 ஓம், 6 ஓம் என்றால் பெரும்பாலான மலிவு ஆம்ப்ளிஃபயர்கள் சிரமமில்லாமல் ஓட்டும். 4 ஓம் என்றால், ஆம்ப்ளிஃபயரின் பின்புறம் ஸ்பீக்கர் இணைப்புக்குப் பக்கத்தில் எத்தனை ஓம் வரை தாங்கும் என்று அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள். ஸ்பீக்கர் ‘ஏ’, ஸ்பீக்கர் ‘பி’ என்று இரண்டு ஜோடி மாட்டும் வசதி சிலவற்றில் உண்டு. சமையலறையிலும் ஒரு ஜோடி வைத்தால் அம்மாவுக்கு வசதிதான். ஆனால் இரண்டு ஜோடி 8 ஓம் ஸ்பீக்கரை ஒரே நேரத்தில் ஓட்டினால், ஆம்ப்ளிஃபயருக்கு அது 4 ஓம் சுமையாக ஆகிவிடும். அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

மிகச் சிறிய ஆம்ப்ளிஃபயரை எல்லை வரை முறுக்குவதும் நல்லதல்ல. தெம்பு தீர்ந்த ஆம்ப்ளிஃபயர் ஒலியலையின் உச்சியை வெட்டிவிடும். அந்த வெட்டுப்பட்ட ஒலி ஸ்பீக்கரின் மேல்பகுதியில் இருக்கும் சின்ன ‘ட்வீட்டரை’ எரித்துவிடக்கூடும். சத்தம் கரகரக்கத் தொடங்கினால் உடனே குறைப்பதே ஒரே வைத்தியம்.

பின்பக்கத்தைப் பார்த்து வாங்குங்கள்

கடையில் எல்லாரும் முன்பக்கத்தைப் பார்ப்பார்கள். பத்து வருடம் உங்களுக்கு உதவப் போவது பின்பக்கம். வீட்டில் யார் யார் எதிலிருந்து பாட்டு கேட்கிறார்கள் என்று முதலில் ஒரு தாளில் எழுதுங்கள்.

தொலைக்காட்சியின் ஒலியும் இதில் வர வேண்டுமா? அப்படியென்றால் ‘ஆப்டிக்கல்’ அல்லது ‘எச்டிஎம்ஐ ஏஆர்சி’ துளை தேவை. இரண்டாவது இருந்தால் தொலைக்காட்சியின் ரிமோட்டிலேயே சத்தத்தைக் கூட்டிக் குறைக்கலாம். தாத்தா பாட்டி இருக்கும் வீட்டில் அது பெரிய நிம்மதி.

அப்பாவின் பழைய இசைத்தட்டுகள் இன்னும் இருக்கின்றனவா? இசைத்தட்டு ஓட்டியின் ஊசியிலிருந்து வருவது சில மில்லிவோல்ட் மட்டுமே. அதற்கென்று தனியான ‘ஃபோனோ’ துளை வேண்டும். சாதாரணத் துளையில் மாட்டினால் ஈனசுரத்தில், அடிநாதமே இல்லாமல் கேட்கும். சில ஓட்டிகளுக்குள்ளேயே அந்தச் சுற்று இருக்கும், அப்படியானால் கவலையில்லை.

தங்கை கைப்பேசியிலிருந்து போடுவாளா? புளூடூத் இருந்தால் எளிது. இரவு பத்து மணிக்கு மேல் கேட்பவர் நீங்களா? ஹெட்ஃபோன் துளை இருக்கிறதா பாருங்கள். பின்னாளில் ‘சப்வூஃபர்’ சேர்க்கும் ஆசை உண்டா? அதற்கான வெளியீடு இருப்பது நல்லது.

இன்னொன்று ‘லவுட்னஸ்’. மெதுவாகக் கேட்கும்போது மனிதக் காதுக்கு அடிநாதம் குறைவாகவே கேட்கும். 1930-களிலேயே ஆராய்ந்து அறியப்பட்ட உண்மை இது. குழந்தை தூங்கும் வீட்டில் சன்னமாகப் பாட்டு கேட்பவர்களுக்கு அந்தக் குறையை ஈடுகட்டும் குமிழ் 50 வாட்ஸ் கூடுதலாக இருப்பதைவிடப் பயன் தரும். ‘பாஸ்’, ‘டிரெபிள்’ குமிழ்கள் இருப்பதை மட்டமாக நினைக்க வேண்டாம். பழைய பாடல்கள் பல, உச்ச ஒலி கூடுதலாகக் காதைக் குத்தும்படி பதிவாகியிருக்கும். ஒரு சிட்டிகை குறைத்தால் கேட்க இதமாகிவிடும்.

எடுத்துக்காட்டாகச் சில கருவிகளை ஒப்பிட்டுப் பாருங்கள். யமஹா ஏ-எஸ்301, பக்கத்துக்கு 60 வாட்ஸ். இசைத்தட்டுக்கும் தொலைக்காட்சிக்கும் துளை உண்டு, தேவைக்கேற்பத் திருப்பக்கூடிய லவுட்னஸ் குமிழ் உண்டு, ஆனால் உள்ளுக்குள் புளூடூத் கிடையாது. டெனான் பிஎம்ஏ-600என்இ, 45 வாட்ஸ். புளூடூத்தும் உண்டு, ஆப்டிக்கலும் உண்டு, ஃபோனோவும் உண்டு. கேம்பிரிட்ஜ் ஆடியோ ஏஎக்ஸ்ஏ35, 35 வாட்ஸ். ஃபோனோ உண்டு, ஆப்டிக்கல் கிடையாது. விம் ஆம்ப், 60 வாட்ஸ். வைஃபையில் நேரடியாகப் பாட்டு எடுக்கும், எச்டிஎம்ஐ ஏஆர்சி உண்டு, ஆனால் ஃபோனோவும் இல்லை, ஹெட்ஃபோன் துளையும் இல்லை. நான்கில் எது சிறந்தது என்று கேட்டால் நான் திருப்பிக் கேட்பேன்: உங்கள் தாளில் என்ன எழுதியிருக்கிறது?

கரோக்கே பாடலாமா?

நம் வீடுகளில் கட்டாயம் வரும் கேள்வி இது. பிறந்தநாள் என்றால் மாமா மைக்கைப் பிடிப்பார்; அடுத்து அத்தை. ஆனால் இந்த வகை ஆம்ப்ளிஃபயர்களில் பொதுவாக மைக் துளை இருக்காது. தனியாக ஒரு சிறிய மிக்சர் வாங்கி, அதில் மைக்கை மாட்டி, அங்கிருந்து ஆம்ப்ளிஃபயருக்குக் கொண்டுவரலாம். சத்தத்தை அடக்கி வைத்திருக்கும் வரை பிரச்சினையில்லை. மைக் ஸ்பீக்கருக்கு முன்னால் வந்து ‘கீ’ என்று அலறும்போதுதான் ஆபத்து. மென்மையான வீட்டு ஸ்பீக்கரின் ட்வீட்டர் அந்த அலறலுக்காகச் செய்யப்பட்டதல்ல. மாதம் இருமுறை கூடிப் பாடும் குடும்பம் என்றால், அதற்கென்று ஒரு பார்ட்டி ஸ்பீக்கரைத் தனியே வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். இரண்டு வேலைக்கும் ஒரே பெட்டி தேடினால் இரண்டும் அரைகுறையாகவே முடியும்.

பழைய பொருள் வாங்குவோர் கவனிக்க

நல்ல ஆம்ப்ளிஃபயர் பதினைந்து, இருபது வருடம் உழைக்கும். அதனால் பழையது வாங்குவது தவறில்லை. பெட்டாலிங் ஜெயாவின் அம்கார்ப் பேரங்காடியிலும், சிங்கப்பூரில் அடெல்ஃபி கட்டடத்திலும் ஒலிக்கருவிக் கடைகளில் அமைதியாகச் சுற்றிப் பார்க்கலாம்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். ஜப்பானிலிருந்து கொள்கலனில் வரும் பழைய பொருள்களை விற்கும் கடைகளில் அழகழகான ஆம்ப்ளிஃபயர்கள் குறைந்த விலைக்குக் கிடைக்கும். ஜப்பானின் மின்னழுத்தம் 100 வோல்ட், நம்முடையது 230. பின்புறத்தில் ‘100 வோல்ட்’ என்று மட்டும் போட்டிருந்தால், அதை நேராக நம் சுவரில் செருகிய அன்றே அதன் ஆயுள் முடிந்துவிடும். மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வாங்க வேண்டும். அதன் விலையையும் சேர்த்துக் கணக்குப் போட்ட பிறகும் மலிவாக இருக்கிறதா என்று பாருங்கள்.

பழையதைச் சோதிக்கும்போது குமிழை மெதுவாகத் திருப்புங்கள். கரகரவென்று சத்தம் வந்தால் உள்ளே தூசியோ தேய்மானமோ இருக்கிறது. பாட்டை நிறுத்திவிட்டுச் சத்தத்தைக் கூட்டுங்கள். வண்டு போல ரீங்காரம் கேட்டால் உள்ளிருக்கும் மின்தேக்கிகள் வயதாகியிருக்கலாம். இரண்டு பக்கமும் ஒரே அளவில் பாடுகிறதா, அரை மணி நேரம் ஓடிய பிறகு தொட முடியாதபடி சுடுகிறதா என்றும் பாருங்கள். அரை மணி நேரம் ஓட்டிக் காட்ட விற்பவர் தயங்கினால், நீங்களும் வாங்கத் தயங்குங்கள்.

கடையில் கேட்பது எப்படி?

கடைக்காரர் போடும் பாட்டைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள். அது கருவியைப் புகழ்வதற்கென்றே தேர்ந்தெடுத்ததாக இருக்கும். உங்களுக்கு மனப்பாடமான மூன்று பாடல்களைக் கொண்டுபோங்கள்.

முதலாவது, ஸ்டீரியோ வருவதற்கு முந்தைய பழைய திரைப்பாடல் ஒன்று. டி.எம்.எஸ். குரலோ பி.சுசீலா குரலோ எதுவானாலும் சரி. மோனோ பதிவில் இரண்டு ஸ்பீக்கரும் ஒரே ஒலியைத் தருவதால், குரல் இரண்டுக்கும் நட்டநடுவில், காற்றில் நிற்பது போலக் கேட்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் இணைப்பிலோ கருவியிலோ குறை இருக்கிறது. இரண்டாவது, வாத்தியங்கள் பின்னிப்பிணைந்த ஒன்று. இளையராஜாவின் 1986-ஆம் ஆண்டு இசைத்தொகுப்பான ‘ஹவ் டு நேம் இட்’ இதற்குப் பொருத்தம். வயலின்களைத் தனித்தனியாகப் பின்தொடர முடிகிறதா என்று கேளுங்கள். மூன்றாவது, ஒரு கர்நாடக இசைக் கச்சேரிப் பதிவு. மிருதங்கத்தின் இடப்பக்கத் தொப்பி ‘தும்’ என்று உருண்டு வருகிறதா, அல்லது ‘டப்’ என்று அட்டைப் பெட்டியைத் தட்டியது போல இருக்கிறதா? பாடகர் மூச்சு விடும் இடைவெளியில் பின்னால் தம்பூரா தொடர்ந்து கேட்கிறதா?

இரண்டு கருவிகளை ஒப்பிடும்போது இரண்டும் ஒரே சத்தத்தில் இருக்கட்டும். சற்றுக் கூடுதல் சத்தத்தில் ஒலிப்பது எப்போதும் ‘நன்றாக’ இருப்பது போலத் தோன்றும். காதின் இயல்பு அது. விற்கத் தெரிந்தவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். குமிழ் பாதி கூடத் திரும்பாமலேயே சத்தம் அதிகமாக இருந்தால் ‘பவர் ஜாஸ்தி’ என்று நினைக்கவும் வேண்டாம். குமிழ் எந்த இடத்தில் எவ்வளவு சத்தம் தரும் என்பது தயாரிப்பாளர் அமைத்த விதம். வாட்ஸுக்கும் அதற்கும் நேரடித் தொடர்பில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு

ஐந்து மீட்டருக்குள் என்றால் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியே போதும். அடிக்கு நூறு வெள்ளி என்று கம்பி விற்பவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு நகருங்கள். சிவப்பைச் சிவப்பிலும் கறுப்பைக் கறுப்பிலும் மாட்டுங்கள்; ஒரு பக்கம் மட்டும் மாறிப்போனால் அடிநாதம் மெலிந்து, நடுவில் நிற்க வேண்டிய குரல் கலைந்துபோகும்.

நம் ஊர் வெக்கைக்கு ஆம்ப்ளிஃபயரைக் கதவு போட்ட டிவி அலமாரிக்குள் பூட்டி வைக்கக் கூடாது. மேலே ஒரு சாண் இடைவெளியாவது விடுங்கள். காற்றுத் துளைகளின் மேல் துணியோ பூச்சாடியோ வேண்டாம். எறும்பும் பல்லியும் கதகதப்பைத் தேடி உள்ளே போகும் என்பதால் தரையில் வைக்காமல் உயரத்தில் வையுங்கள். சாயங்காலம் இடி இடிக்கத் தொடங்கினால் சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்கிவிடுங்கள்.

கடைசியாக, ஆனால் எனக்கு இதுதான் முக்கியம்: நீங்கள் வேலைக்குப் போன பிறகும் அந்தக் கருவி பாட வேண்டும். வாங்கியவருக்கு மட்டுமே இயக்கத் தெரிந்த ஆம்ப்ளிஃபயர் வீட்டில் அலங்காரப் பொருளாகிவிடும். எந்தப் பொத்தான் தொலைக்காட்சிக்கு, எது வானொலிக்கு, எது இசைத்தட்டுக்கு என்று சிறிய காகிதத்தில் தமிழில் எழுதி ஒட்டுங்கள். குமிழில் இவ்வளவுதான் என்று ஒரு புள்ளி வையுங்கள். அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்து இரண்டு முறை போட்டு அணைக்கச் சொல்லுங்கள். பிறகு அவருக்குப் பிடித்த பாட்டை அவரே போடட்டும்.